டேப் வந்தாச்சு, சின்னப் பிள்ளைகளுக்கு எந்த ஆப் போடலாம்?

ஜூன் 11, மாலை 5.20 (வந்த கேள்வி)

நான்கு வயது முதல் ஆறு வயது வரை 22 பிள்ளைகள் இருக்கும் வகுப்பு என்னுடையது. பள்ளிக்கு எட்டு டேப் வந்திருக்கின்றன. எந்தெந்த ஆப் வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் பட்டியல் கேட்கிறார்கள். எழுத்து, எண், கொஞ்சம் படம் வரைதல், இவ்வளவு போதும் எனக்கு. தேடினால் நூற்றுக்கணக்கில் வருகின்றன, எல்லாவற்றுக்கும் நான்கரை நட்சத்திரம் போட்டிருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வகுப்பில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு 9.40 (பதில்)

பட்டியலை இப்போதே எழுதாதீர்கள். முதலில் ஏதாவது ஒரு ஆப்பை ஏற்றி, இரண்டு பிள்ளைகளிடம் ஒரே டேபைக் கொடுத்துவிட்டுப் பின்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், காது கொடுத்தால் போதும். "இங்க தொடு", "இல்ல, அதுதான் பெருசு", "அந்தக் குருவி ஏன் அழுவுது?" என்று பேச்சு வருகிறதா? அந்த ஆப்பை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள், எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் சரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வகுப்புக்கு முதன்முதலில் டேப் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொன்று. அரை மணி நேரம் ஊசி விழுந்தால் கேட்கும். வாசலில் வந்து நின்று பார்த்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் வண்ணத்துப்பூச்சி ஒன்று ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்தது. ஒரு பிள்ளைகூட நிமிரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 12, காலை 6.15

ஒன்று விட்டுப்போனது. 22 பேருக்கு எட்டு டேப் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இன்னும் பதினான்கு கேட்டு எழுதிவிடாதீர்கள். இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ ஒன்று என்பதுதான் இந்த வயதுக்குப் பொருத்தம்.

அதில் ஒரு சிக்கல் வரும். விரல் வேகமான பிள்ளை டேபைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மற்றது வேடிக்கை பார்க்கும். நான் வைத்திருக்கும் விதி: தொடுகிறவர் முடிவு செய்யக் கூடாது, முடிவு செய்கிறவர் தொடக் கூடாது. ஒருவர் வாயால் சொல்ல, மற்றவர் கையால் செய்ய வேண்டும். மணி அடித்தால் இடம் மாற வேண்டும். ஒரு வாரம் கூச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். இந்த விதியோடு விளையாட முடியாத ஆப் எது என்பதும் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். பாய்ந்து வரும் பலூனைக் குத்துகிற வகை எதுவும் தேறாது. சொல்வதற்கு அதில் நேரமே இல்லை.

ஜூன் 12, இரவு 10.05

எத்தனை வயதிலிருந்து, எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. இரண்டு வயது நிறையும் வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுத் தொலைக்காட்சியும் அப்பாவின் கைப்பேசியும் அடக்கம். வீட்டில் எவ்வளவு ஆகிறதோ நமக்குத் தெரியாது. அதனால் வகுப்பில் நான் 15 நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

நேரத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2003இல் குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தார்கள். நேரில் உட்கார்ந்து ஆள் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் அதே விஷயத்தைக் காணொளியில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. 1998இல் செய்த இன்னொரு சோதனையில், பக்கத்து அறையில் பொம்மையை ஒளித்து வைப்பதை இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த பிள்ளைகள் போய்க் கண்டுபிடித்தார்கள். திரையில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். இரண்டரை வயதில் அந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

உங்கள் பிள்ளைகள் நான்கைத் தாண்டியவர்கள், அந்தச் சிக்கல் அவ்வளவு இருக்காது. ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறாது.

ஜூன் 14, பிற்பகல் 2.30

எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பழகும் ஆப்கள் எப்படி என்று கேள்வி வந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டு வருடம் அவற்றை நம்பியிருந்தேன்.

'அ'வைப் புள்ளிக்கோட்டில் காட்டும். பிள்ளை விரலால் ஓட்டியதும் மின்மினி பறக்கும், கைதட்டல் கேட்கும். ஒரு நாளில் பன்னிரண்டு உயிரெழுத்தையும் முடித்த பிள்ளை என் வகுப்பில் உண்டு. மறுநாள் சிலேட்டைக் கொடுத்து 'அ' எழுதச் சொன்னேன். வெறும் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "டீச்சர், புள்ளி இல்ல" என்றாள். அவளிடம் தப்பே இல்லை. கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதை அவள் ஒருமுறைகூட முடிவு செய்ததில்லை, போட்டு வைத்திருந்த பாதையில் போய் வந்தாள், அவ்வளவுதான்.

பிறகு படித்தபோதுதான் காரணம் புரிந்தது. காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள், சிலவற்றின் மேல் கோடு ஓட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். வாசிப்புக்கான பகுதிகள் விழித்தது, தாமாகக் கையால் எழுதிய எழுத்துகளுக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனால் நான் சிலேட்டில் கண்டதற்கு அப்படியே பொருந்தியது.

அதனால் எழுத்து எழுதப் பழக்குவதற்கு ஆப் வேண்டாம் என்பது என் முடிவு. மணல், சிலேட்டு, மாண்டிசோரி வகுப்புகளில் வைத்திருக்கும் உப்புத்தாள் எழுத்துகள், இவை போதும். உப்புத்தாளிலும் விரலை மேலே ஓட்டுவதுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். என் அனுபவத்தில் வித்தியாசம், அங்கே சொரசொரப்பு விரலுக்கு வழி சொல்கிறது, கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம், உடனே பக்கத்து மணலில் எழுதிப் பார்க்கிறார்கள். கைதட்டலும் கிடையாது. அந்த மணல் தட்டை விட்டுவிட்டு உப்புத்தாளை மட்டும் வைத்திருந்தால் அங்கேயும் நான் கண்டதுதான் நடக்கும்.

ஜூன் 14, இரவு 8.50

பெயர் சொல்லுங்கள் என்கிறீர்கள். சரி. என்னிடம் நிலைத்தவை இவை.

டக்ஸ் பெயின்ட். படம் வரைவதற்கு. 2002இலிருந்து இருக்கிறது, இலவசம், விளம்பரம் கிடையாது. முத்திரைப் படங்கள் உண்டு, ஒவ்வொரு தூரிகைக்கும் ஒரு சத்தம் உண்டு. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள்.

ஜிகாம்ப்ரி. 2000இல் தொடங்கிய திறமூலத் தொகுப்பு, அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். இரண்டு முதல் பத்து வயது வரைக்கும் நூற்றுக்கு மேல் பயிற்சிகள் உண்டு. எல்லாவற்றையும் திறந்து விடாதீர்கள். அமைப்புகளில் போய் எளிய படிநிலைகளை மட்டும் காட்டும்படி வைக்கலாம். வாரத்துக்கு ஒன்றைத்தான் நான் காட்டுவேன்.

ஸ்க்ராட்ச் ஜூனியர். பூனைக்குக் கட்டளைகளைக் கோத்துக் கதை செய்வது. படிக்கத் தெரிய வேண்டாம், எல்லாம் படக்கட்டைகள். இலவசம். உங்கள் வகுப்பு முழுவதற்கும் ஏற்றது.

ஜூன் 16, காலை 6.40

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஸ்க்ராட்ச் ஜூனியர் வகுப்பு முழுவதற்கும் ஏற்றது என்று எழுதிவிட்டேன். ஐந்து முதல் ஏழு வயதுக்கென்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் பூனையைத் திரை முழுக்க இழுத்து விளையாடுவார்கள், பின்னணியை மாற்றுவார்கள், கட்டைகளைக் கோக்க மாட்டார்கள். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டைகளைக் கோப்பார்கள் என்று எதிர்பார்த்து நீங்கள் பாடத்திட்டம் எழுதிவிடக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளையோடு நான்கு வயதுப் பிள்ளையைச் சேர்த்து உட்கார வைத்தால் நன்றாக ஓடுகிறது.

ஜூன் 17, இரவு 9.15

தட்டச்சு பற்றி ஒரு அம்மா கேட்டது மனதிலேயே இருக்கிறது. மகன் கைப்பேசியில் 'கொக்கு' என்று அடிக்க முயன்று அழுதுவிட்டானாம்.

அவன் அழுததில் நியாயம் இருக்கிறது. சிலேட்டில் 'கொ' எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் 'க', கடைசியில் துணைக்கால் என்று இடமிருந்து வலமாக எழுதுகிறோம். ஆனால் கணினி 'க'வை முதலில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு ஒகரக் குறியை வாங்குகிறது. ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது, காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. பெரியவர்கள் நாம் இதைக் கவனிப்பதே இல்லை. எழுதப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, தான் போட்ட எழுத்துக்கு முன்னால் திடீரென்று ஒரு கொம்பு வந்து குதிக்கிறது. என் வகுப்பில் ஒருவன், "நான் க போட்டேன் டீச்சர், அது ஓடிப்போச்சு" என்று சொல்லியிருக்கிறான்.

'கா', 'கி', 'கு' வரைக்கும் தொல்லை இல்லை. 'கெ', 'கே', 'கை', 'கொ', 'கோ', 'கௌ' கையெழுத்தில் உறுதியாகும் வரை விசைப்பலகையைத் தள்ளிப்போடுங்கள். ஓர் ஆறு மாதம் காத்திருந்தால் அதே விஷயம் அவர்களுக்கு வேடிக்கையாகிவிடுகிறது.

ஜூன் 20, மாலை 6.00

கதைப் புத்தக ஆப்கள். தொட்டால் முயல் குதிக்கும், தொட்டால் மரம் ஆடும், தொட்டால் நிலா கண்ணடிக்கும். ஒரு கதை முழுவதையும் இப்படித் தொட்டு முடித்த நான்கு பேரிடம், "முயல் எங்கே போச்சு?" என்று கேட்டேன். குதித்துக் காட்டினார்கள். முயல் தொலைந்துபோய் வீடு தேடும் கதை அது.

2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து இதையே சொல்கிறது. கதையோடு ஒட்டிய அசைவும் ஒலியும் இசையும் புரிந்துகொள்ள உதவுகின்றன. தொட்டால் ஏதோ நடக்கும் இடங்களும் நடுநடுவே வரும் விளையாட்டும் கதையை விட்டுப் பிள்ளையை வெளியே இழுக்கின்றன. ஆகவே கதைக்கு நான் வைத்திருப்பது ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கியது, தமிழிலும் ஏராளமான கதைகள் இருக்கின்றன, திறந்த உரிமத்தில் வருவதால் அச்சிட்டுக் கொடுக்கவும் செய்யலாம். பெரிய திரையில் போட்டு, நானே வாசிக்கிறேன். குரல் நம்முடையதாக இருப்பது நல்லது. இயந்திரக் குரலில் 'ழ'வும் 'ள'வும் ஒரே மாதிரி ஒலித்ததைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு அப்படியே சொல்லத் தொடங்கியதால்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

ஜூன் 20, மாலை 6.20

சேர்க்க மறந்தது: தப்பான விடைக்கு என்ன சத்தம் வருகிறது என்று பாருங்கள். எண் சொல்லித் தரும் ஒரு ஆப்பில் தப்பாகத் தொட்டால் யானை தும்மும். சரியாகத் தொட்டால் மணி அடிக்கும். இரண்டே நாளில் வகுப்பே யானைக்காகத் தப்பாகத் தொட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

ஜூன் 23, காலை 5.50

விளம்பரம், பூட்டு, அனுமதி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

இணையத்தை அணைத்துவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். அப்போதும் முழுதாக ஓடினால் நல்லது. 'இலவசம்' என்று ஏற்றிய ஒரு ஆப்பில் மூன்றாம் நாள் ஒரு பிள்ளை கையில் பெரியவர்களுக்கான விளம்பரம் திறந்துகொண்டது. அவள் பயந்து டேபைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இந்தச் சோதனை இல்லாமல் எதையும் வகுப்புக்குள் விடுவதில்லை. ஒளிப்படக் கருவி, இருப்பிடம், தொடர்பு எண்கள் என்று எழுத்துப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அனுமதி கேட்டாலும் வேண்டாம்.

பிள்ளை ஆப்பை விட்டு வெளியே போகாமல் இருக்க ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஸ்கிரீன் பின்னிங்' (புதிய பதிப்புகளில் 'ஆப் பின்னிங்') இருக்கிறது. இரண்டும் கருவியோடு வருவதுதான். அமைப்புகளில் ஒருமுறை போட்டு வைத்துவிட்டு, பிள்ளை கையில் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆப்பைத் திறந்து பூட்ட வேண்டும்.

ஜூன் 27, இரவு 11.10

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். முதல் நாள் நான் சொன்ன காது சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது.

ஒரு சிறுமி என் வகுப்பில் நான்கு மாதம் பேசவில்லை. வீட்டில் நன்றாகப் பேசுவாள், இங்கே தலையசைப்போடு சரி. அவளை ஜோடியாக உட்கார வைத்தபோது மற்ற பிள்ளையே இரண்டு பேருக்குமாகப் பேசியது. என் கணக்குப்படி பேச்சு நடக்கிறது, எல்லாம் சரி. அவளைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் அவளிடம் டேபைத் தனியாகக் கொடுத்து, அதோடு வந்த குரல் பதிவுக் கருவியைத் திறந்து காட்டினேன். சிவப்புப் பொத்தான், நிறுத்தும் பொத்தான், திரும்பக் கேட்கும் பொத்தான். மூலையில் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இருபது நிமிடம். நான் தொந்தரவு செய்யவில்லை. எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கேட்டுப் பார்த்தால், வகுப்பில் அந்த மாதம் நான் சொன்ன பாட்டு முழுவதும் இருந்தது. நடுவில் நிறுத்தி, "இல்ல, தப்பு" என்று தானே சொல்லி, மறுபடி முதலிலிருந்து பாடியிருந்தாள்.

ஆகவே அமைதியெல்லாம் ஒன்றல்ல. தனியாக இருந்து தன் குரலைத் தானே கேட்கிற அமைதி வேறு, பலூன் குத்துகிற அமைதி வேறு. இப்போது நான் கேட்பது ஜோடியில் பேச்சு வருகிறதா என்பதோடு நிற்பதில்லை. டேபை வைத்துவிட்டு எழுந்த பிறகு, அந்தப் பிள்ளை யாரிடமாவது எதையாவது கொண்டுபோய்க் காட்டுகிறதா, சொல்கிறதா என்று பார்க்கிறேன். அவள் கொண்டுவந்தாள். பலூன் குத்தியவர்கள் எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 28, காலை 7.05

பள்ளி தொடங்குவதற்குள் ஒரு வரி. பேசாத பிள்ளைக்கு டேப்தான் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால் பெற்றோரிடம் சொல்லி, பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுவதுதான் முறை. நாங்களும் அதைச் செய்தோம்.

ஜூலை 2, இரவு 9.00

நட்சத்திரம், பதக்கம், கிரீடம் கொடுக்கும் ஆப்கள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் தவிர்க்கிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த பழைய சோதனை ஒன்று உண்டு. படம் வரைவதில் ஆசை உள்ள சின்னப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துச் சும்மா விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அந்தக் குறைவு வரவில்லை. ஆசையாகச் செய்துகொண்டிருந்தது கூலிக்குச் செய்வதாகிவிட்டது. எண்ணுவதில் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஆசை இருக்கிறது, படிக்கட்டு ஏறும்போதெல்லாம் எண்ணுகிறார்கள். அந்த ஆசையை ஒரு கிரீடத்துக்காக இழக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 5, மாலை 4.45

திரையே இல்லாத கருவி ஏதாவது உண்டா என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பீ-பாட் என்று தேனீ வடிவில் ஒரு சின்ன ரோபோ இருக்கிறது. முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், திரும்பினால் நேர் செங்கோணம். தரையில் வைத்த பூவுக்குப் போக எத்தனை நகர்வு என்று பிள்ளைகள் முன்கூட்டியே யோசித்து அழுத்த வேண்டும். தரையில் ஓடுவதால் எட்டுப் பேர் சுற்றிப் படுத்துக்கொள்கிறார்கள். காது சோதனையில் இதைப் போல் வேறெதுவும் தேறியதில்லை, கத்தித் தீர்த்துவிடுகிறார்கள்.

இந்த யோசனை புதிதல்ல. சைமர் பேபர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் ஆகியோர் 1967இல் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியைச் செய்தார்கள். பிறகு அதன் கட்டளைக்குத் தரையில் ஓடும் 'ஆமை' என்ற ரோபோ வந்தது. வாங்க முடியாவிட்டால் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள், ஒரு பிள்ளை ரோபோ, மற்றவர்கள் கட்டளை. "முன்னாடி மூணு" என்றால் மூன்று கட்டம் மட்டும்தான் போக வேண்டும், சுவர் வந்தாலும் நிற்கக் கூடாது. இடது, வலது குழப்பம் எங்கள் வகுப்பில் இதில்தான் தீர்ந்தது.

ஜூலை 6, காலை 6.30

ஹெட்போன்: பிள்ளைகளுக்கானது என்று ஒலி அளவு கட்டுப்படுத்தியதாக வாங்குங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. நான் இரண்டு ஹெட்போன் மட்டும் வைத்திருக்கிறேன், குரல் பதிவைத் திரும்பக் கேட்பதற்கு.

ஜூலை 9, இரவு 10.20

நீங்கள் கடைசியில் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி, ஸ்க்ராட்ச் ஜூனியர், அப்புறம் கதைகள். நன்றாக இருக்கிறது. எழுத்து ஆப் எதுவும் ஏன் இல்லை என்று கேட்டால், சிலேட்டுப் பெட்டியைக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ஏற்ற வேண்டியதில்லை, டேபிலேயே இருக்கிறது. கேமரா. நாளை வகுப்பில் மூன்று மூன்று பேராகப் பிரித்து, "வட்டமாக இருப்பதை எல்லாம் படமெடுத்து வாருங்கள், ஐந்து படம் மட்டும்" என்று அனுப்புங்கள். ஐந்துதான் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற சண்டையில்தான் பாடம் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் வாளியின் வாய், சட்டைப் பொத்தான், தண்ணீர்க் குழாயின் முனை, டீச்சரின் மூக்குக்கண்ணாடி என்று நான்கை எடுத்துவிட்டு, ஐந்தாவதற்காக ஒருவன் வாயை 'ஓ' என்று திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அந்தப் படத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அதற்குக் கீழே சாக்பீஸால் 'ஓ' எழுதியது அவர்கள்தான்.